கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டினால் வெயிலையும் மழையையும் தாங்குமா?

மழையைப் பொறுத்தவரை தாங்கும். வெயிலைப் பொறுத்தவரை ஒட்டுக்கட்டுவது மட்டும் போதாது.

வயலில் தண்ணீர் தேங்கினால் மண்ணில் காற்றோட்டம் நின்று, தக்காளி வேர் ஓரிரு நாட்களிலேயே மூச்சுமுட்டி இலைகள் தொங்கிவிடும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த மண்ணில் பாக்டீரியா வாடல் நோயும் எளிதில் தாக்கும். கத்தரி வேர் இவ்விரண்டையும் நன்றாகத் தாங்குவதால், 1971இல் தைவானில் தொடங்கப்பட்ட உலகக் காய்கறி மையம், ஈஜி 195, ஈஜி 203 ஆகிய கத்தரி வகைகளை வேர்ச்செடியாகப் பரிந்துரைத்தது.

செய்முறை கடினமன்று, ஆனால் பொறுமை வேண்டும். ஒரே தடிமனுள்ள இரு நாற்றுகளின் தண்டுகளைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய்கள் பொருந்துமாறு சிறு ரப்பர் குழாயில் செருகி, ஈரப்பதம் மிகுந்த நிழல் கூடாரத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அது புதைந்தால் மேலுள்ள தக்காளித் தண்டே வேர்விட்டு, அதன் வழியாக வாடல் நோய் ஏறிவிடும். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

கோடையில் பூ உதிர்வதற்குக் காரணம் வேறு. பகலில் 32 டிகிரி செல்சியசுக்கு மேலும், இரவில் 21 டிகிரிக்கு மேலும் வெப்பம் நீடித்தால் மகரந்தம் வலுவிழந்து காய் பிடிப்பது குறைகிறது. குறிப்பாக இரவு வெப்பம் உயர்ந்துவருவது கவலைக்குரியது. ஆகவே மேலே ஒட்டும் தக்காளி வெப்பம் தாங்கும் இரகமாக இருக்க வேண்டும். நிழல்வலை பகல் வெப்பத்தை ஓரளவு தணிக்கும்.