கொத்தமல்லி: பெரிய மணியா, சின்ன மணியா?

கேள்வி: கல்முனைச் சந்தையில் கொத்தமல்லி இரண்டு விலையில் இருக்கிறது. பெரிசாக, பச்சையாக இருப்பது விலை கூட, சின்னதாக மண்ணிறத்தில் இருப்பது குறைவு. கறித்தூளுக்கு எது நல்லது? இது நம்ம நாட்டில் விளைகிறதா? பைக்கற் தூள் வாங்கலாமா?
- பாண்டிருப்பு வாசகி

பதில்: மணியின் பருமனுக்குக் காசு கொடுக்காதீர்கள், சகோதரி. மல்லியின் வாசம் அதற்குள் இருக்கிற எண்ணெயில்தான் இருக்கிறது, அந்த எண்ணெய் பொதுவாகச் சின்ன மணி வகையில்தான் கூட. ஆனால் சின்னதென்றதும் அள்ளிப் போட்டுவிடவும் வேண்டாம், முற்றாத சப்பியும் சின்னதாகத்தான் தெரியும். நாலைந்து மணியை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் நசுக்குங்கள். நல்ல மல்லி இரண்டு பாதியாகப் பிளந்து, தோடம்பழத் தோலைக் கிள்ளினதுபோல ஒரு இனிப்பு வாசம் வரும். தூசி மணம் மட்டும் வந்தால் அது கிடந்த சரக்கு, விட்டுவிட்டு அடுத்த கடையைப் பாருங்கள். எல்லா மணியும் ஒரே பச்சையில் பளபளத்தால் கொஞ்சத்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், சாயம் பூசியிருந்தால் தண்ணீர் சொல்லிவிடும்.

நம்ம நாட்டுச் சரக்கு இல்லை. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பக்கமும் மேற்காசியாவும்தான் அதன் பிறப்பிடம் என்கிறார்கள். எகிப்தில் கிமு 14ஆம் நூற்றாண்டு மன்னர் துட்டன்காமுனின் கல்லறைக்குள்ளேயே மல்லி வைத்திருந்தார்கள், அந்த நாட்டில் அது தானாக முளைக்கிற செடி இல்லை என்பதால் அப்போதே பயிரிட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இன்று நம்ம கடைகளுக்கு இந்தியச் சரக்கு வருகிறது. அது ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கம் குளிர்காலப் பயிராக விளைந்து மாசி, பங்குனி அளவில் அறுவடையாகிறது. அதனால் வருசத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்குவதென்றால் சித்திரைக்குப் பிறகு, புதுச் சரக்கு வந்துவிட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

தூளாக வாங்காமல் மணியாக வாங்குவதே என் விருப்பம். அரைத்த மல்லி வாசத்தைச் சீக்கிரம் இழந்துவிடும், அதோடு தூளுக்குள் தவிடோ உமியோ கலந்திருந்தால் கண்ணால் பிடிக்க முடியாது. வெயிலில் காயவைத்து, வாசம் எழும்பும் வரை மெல்லிய நெருப்பில் வறுத்து மில்லுக்குக் கொடுங்கள், அங்கே முன்னுக்கு அரைத்தவரின் செத்தல் மிளகாய் ஒட்டிக்கொண்டிருக்கும், முதலில் ஒரு பிடி அரிசி போட்டு அரைத்துத் தள்ளச் சொல்லுங்கள். காய்ச்சல், தடிமனுக்கு வேர்க்கொம்போடு அவிக்கிற மல்லியை மட்டும் வறுக்காமல் தனியாக எடுத்து வையுங்கள், கழுவித்தான் அவிக்க வேண்டும்.

பைக்கற் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் நிறை, விலை, காலாவதித் திகதி மூன்றும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள். சாயமோ கலப்படமோ என்று சந்தேகம் வந்தால் மிச்சத்தை வீசாமல் அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) காட்டுங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் சொல்லலாம்.