சண்டைக்குச் சம்பளம்: ஐஸ் ஹாக்கி என்ஃபோர்சர்கள் பற்றிய கேள்வி பதில்

ஜான் ஸ்காட் என்ற ஐஸ் ஹாக்கி வீரரைப் பற்றிச் சென்ற மாதம் சில பத்திகள் எழுதியிருந்தேன். அணிக்கு அணி மாறிக்கொண்டே இருந்தவர். கோல் போடுவதற்காக அவரை யாரும் எடுக்கவில்லை. தன் அணியின் நட்சத்திரங்கள்மீது கை வைப்பவனோடு மோதுவதற்காக எடுத்தார்கள். இந்த வேலையைச் செய்பவருக்கு ஹாக்கி உலகில் என்ஃபோர்சர் என்று பெயர். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: கிரிக்கெட்டில் நடுவரை முறைத்தாலே அபராதம். இங்கே முகத்தில் குத்துகிறார்கள், வெளியே அனுப்பமாட்டார்களா?

ஒலிம்பிக்கில் அனுப்பிவிடுவார்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் கைச்சண்டைக்கு ஐந்து நிமிடத் தண்டனை, அவ்வளவுதான். 1922-இலேயே அப்படி விதி எழுதிவிட்டார்கள். இருவரும் மட்டையையும் கையுறையையும் கீழே போட்டுவிட்டு மோதுவார்கள். யாராவது விழுந்தாலோ களைத்தாலோ லைன்ஸ்மேன்கள் எனும் துணை நடுவர்கள் புகுந்து பிரிப்பார்கள். இருவரும் தண்டனைக் கூண்டான பெனால்டி பாக்ஸில் போய் உட்கார்வார்கள். இரு பக்கமும் தண்டனை சமம் என்பதால் மாற்று வீரர்கள் இறங்கி ஆட்டம் ஐந்துக்கு ஐந்தாகவே தொடரும். அதாவது, சண்டையால் அணிக்கு ஆள் குறைவதில்லை. இந்தத் தொழில் இத்தனை காலம் நீடித்ததற்கு இந்த ஒரு விதியே பெரிய காரணம் என்பேன்.

நடந்துகொண்டிருக்கும் சண்டையில் மூன்றாவது ஆளாக நுழைந்தால் வெளியேற்றம் உண்டு. 1992 முதல், சண்டையை வலியத் தொடங்கியவருக்குக் கூடுதல் தண்டனையும் இருக்கிறது.

சிங்கப்பூர் வாசகர்: 2025 பிப்ரவரியில் மான்ட்ரியாலில் கனடாவும் அமெரிக்காவும் மோதியபோது ஒன்பது வினாடிக்குள் மூன்று சண்டை. அவர்கள் எல்லாம் என்ஃபோர்சர்களா?

இல்லை. டகச்சுக் சகோதரர்கள், ஜே.டி. மில்லர், பென்னட், ஹேகல், பராய்கோ ஆகிய ஆறு பேரும் ஆட்டத்திறனுக்காக நாட்டு அணியில் இடம் பிடித்தவர்கள். நாம் பேசுவது ஒரு ஆட்டத்தில் நான்கைந்து நிமிடம் மட்டுமே களம் இறக்கப்பட்டு, மீதி நேரமெல்லாம் பெஞ்சில் காத்திருந்தவர்களைப் பற்றி.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஐயா, ஒருவர் எப்படி இந்த வேலைக்கு வந்துசேர்கிறார்? சிறுவயதிலேயே சண்டைக்காரராக வேண்டும் என்று ஆசைப்படுவார்களா?

யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை, தம்பி. எல்லாச் சிறுவர்களும் கோல் போடத்தான் கனவு காண்கிறார்கள். பதினாறு பதினேழு வயதில் உடம்பு பெரிதாகிவிடுகிறது, ஸ்கேட்டிங் வேகம் மட்டும் கூட வருவதில்லை. அப்போது ஒரு பயிற்சியாளர், அணியில் நீடிக்க உனக்கு இருக்கும் வழி இதுதான் என்று உணர்த்திவிடுகிறார்.

ஸ்காட் ஆறடி எட்டு அங்குல உயரம். 1982-இல் எட்மன்டனில் பிறந்து ஒன்டாரியோவின் செயின்ட் கேத்தரின்ஸில் வளர்ந்தவர். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டே தடுப்பாட்டக்காரராக ஆடினார். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் சண்டை போட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். ஆகவே அந்த வித்தையைத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த பிறகுதான் கற்றார். ஏ.எச்.எல். என்ற இரண்டாம் நிலை லீகில் ஹூஸ்டன் அணிக்கு ஆடினார். பிறகு மினசோட்டா, சிகாகோ, நியூயார்க், பஃபலோ, சான் ஹோசே, அரிசோனா, கடைசியில் மான்ட்ரியால். என்.எச்.எல்லில் மொத்தம் 286 ஆட்டங்கள், ஐந்து கோல்கள், 544 நிமிடத் தண்டனை.

ஏழு நகரங்கள். ஒவ்வொன்றிலும் புதிய வீடு, புதிய உடைமாற்றும் அறை, தன் பெயரை அறியாத சக வீரர்கள். ஆனால் போன இடமெல்லாம் சக வீரர்கள் அவரை விரும்பினார்கள். அது பலர் பதிவுசெய்த செய்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆசிரியை: ஆல் ஸ்டார் ஆட்டத்தில் அவருக்கு அநீதி நடந்தது என்று எழுதியிருந்தீர்கள். விரிவாகச் சொல்ல முடியுமா?

விரிவாகவே சொல்கிறேன், இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆல் ஸ்டார் என்பது என்.எச்.எல். நடத்திவந்த, நட்சத்திர வீரர்களுக்கான காட்சி ஆட்டம். அதற்கு ரசிகர்கள் இணையத்தில் வாக்களிப்பார்கள். 2016 ஆட்டத்துக்கு, சில ரசிகர்கள் வேடிக்கைக்காக ஸ்காட்டின் பெயரை முன்னிறுத்தினார்கள். அப்போது அவர் அரிசோனாவில் பெரும்பாலும் வெளியே உட்கார வைக்கப்பட்டிருந்தார். வாக்குகள் குவிந்து, லீகின் நான்கு பிரிவுகளில் ஒன்றான பசிபிக் பிரிவு அணியின் தலைவராகவே தேர்வாகிவிட்டார். அவரே முதலில், எனக்கு வேண்டாம், தகுதியுள்ள என் சக வீரர்களுக்குப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர்.

லீக் நிர்வாகம் அவரை விலகிக்கொள்ளச் சொன்னது. அவர் மறுத்தார். ஜனவரி 15 அன்று அவர் மான்ட்ரியாலுக்கு மாற்றப்பட்டார். அந்த அணி அவரை உடனே நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் இருந்த ஏ.எச்.எல். அணிக்கு அனுப்பியது. அரிசோனாப் பாலைவனத்திலிருந்து கண்டத்தின் கிழக்குக் கோடிக்கு. அப்போது அவர் மனைவி இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார், பேறுகாலம் நெருங்கியிருந்தது. திட்டமிட்டுத்தான் செய்தார்கள் என்று நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் நேரத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்க முடியாது.

அந்நாள்களில் ஸ்காட் ஒரு கட்டுரை எழுதினார். உன் குழந்தைகள் இதைப் பார்த்துப் பெருமைப்படுவார்களா என்று லீக் அதிகாரி ஒருவர் தன்னிடம் கேட்டதாகவும், அந்தக் கேள்விதான் போயே தீர்வது என்ற முடிவுக்குத் தன்னைத் தள்ளியதாகவும் அதில் சொன்னார். ஆண்டுக்கணக்கில் அவருடைய கைமுட்டிக்குச் சம்பளம் கொடுத்த லீக் அது. அவர் சண்டை போட்டபோது அரங்கமே எழுந்து நின்றதை அது தடுத்ததில்லை. விருந்துக்கு மட்டும் அவர் வரக்கூடாது.

கட்டுரை வெளிவந்ததும் பொதுமக்கள் முழுக்க அவர் பக்கம் நின்றார்கள். பசிபிக் அணியின் தலைவராகவே ஆட லீக் அவரை அனுமதித்தது. ஜனவரி 31, நாஷ்வில். அரையிறுதியில் ஸ்காட் இரண்டு கோல் போட்டார். இறுதியில் பசிபிக் 1-0 என்று வென்றது. சிறந்த வீரருக்கான வாக்கெடுப்பில் லீக் முன்வைத்த மூவரில் அவர் பெயர் இல்லை. ரசிகர்கள் ட்விட்டரில் அவர் பெயரை எழுதியெழுதியே வெல்ல வைத்தார்கள். சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். சில நாள்களில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அந்தப் பருவத்தின் முடிவில் மான்ட்ரியால் அவரை ஒரே ஒரு ஆட்டத்துக்கு அழைத்தது. அதுவே அவருடைய கடைசி என்.எச்.எல். ஆட்டம்.

அடுத்த ஆண்டே, கீழ்நிலை லீகில் இருப்பவருக்கு வாக்களிக்க முடியாதபடி விதியை மாற்றிவிட்டார்கள்.

மதுரை வாசகர்: சம்பளம் எப்படி?

2015-16 பருவத்தில் என்.எச்.எல். குறைந்தபட்சச் சம்பளம் 5,75,000 டாலர். என்ஃபோர்சர்கள் பலரும் அதையொட்டியே வாங்கினார்கள். இருவழி ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. மேலே ஆடும் நாளுக்கு ஒரு கூலி, கீழே ஆடும் நாளுக்கு அதில் சிறு பங்கு. காலையில் வரும் ஒரு தொலைபேசி அழைப்பில் வருமானம் தலைகீழாகிவிடும்.

பெங்களூரிலிருந்து ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர்: ஸ்கேட்டில் நின்றுகொண்டு எப்படிக் குத்துகிறார்கள்? காலில் பிடிமானமே இருக்காதே.

அதனால்தான் முதல் வேலை எதிராளியின் சட்டையைப் பிடிப்பது. ஒரு கை பிடிப்பதற்கு, மறு கை குத்துவதற்கு. எதிராளி வலக்கைக்காரர் என்றால் அந்த வலக்கைச் சட்டையைத் தோள்பக்கமாகப் பற்றி, கை நீளாமல் செய்துவிடுவார்கள். பஃபலோவின் ராப் ரே தன் சட்டையை உருவிவிட்டு, பிடிக்க ஒன்றும் இல்லாமல் செய்து மற்றவர்களை அடித்தார். அதன்பிறகு சட்டையின் பின்பட்டையைக் கால்சட்டையோடு மாட்டியே ஆகவேண்டும், மாட்டாமல் சண்டை போட்டால் வெளியேற்றம் என்று விதி வந்தது. அதிகம் உடைவது மூக்கல்ல, விரல் கணுக்கள். வெறும் கையால் ஹெல்மெட்டைக் குத்துகிறார்கள் அல்லவா?

திருச்சி வாசகி: இவர்கள் இருப்பதால் நட்சத்திர வீரர்களுக்கு உண்மையிலேயே பாதுகாப்பு கிடைத்ததா?

ஹாக்கியின் மாபெரும் நட்சத்திரமான வேய்ன் கிரெட்ஸ்கிக்குக் கிடைத்தது என்று கிரெட்ஸ்கியே நம்பினார். எட்மன்டனில் டேவ் செமென்கோ அவருக்குக் காவல். (இந்த செமென்கோ 1983-இல் முகமது அலியுடன் மூன்று சுற்றுக் காட்சி ஆட்டம் ஆடியவர்.) 1988-இல் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறியபோது மார்ட்டி மெக்சோர்லி என்ற இன்னொரு காவலரும் கூடவே போனார்.

ஆனால் எனக்கு 2004 நினைவுக்கு வருகிறது. கொலராடோவின் ஸ்டீவ் மூர், வான்கூவர் அணித் தலைவர் நாஸ்லண்டை மோதி வீழ்த்தினார். மார்ச் 8 அன்று பழிதீர்க்கக் காத்திருந்த வான்கூவரில், மூர் தொழில் தர்மப்படி அந்த அணியின் மேட் குக்குடன் நேருக்கு நேர் சண்டை போட்டுக் கணக்கை முடிக்கப் பார்த்தார். முடியவில்லை. அதே ஆட்டத்தில் வான்கூவரின் டாட் பெர்டுசி பின்னாலிருந்து வந்து குத்தினார். மூரின் கழுத்தெலும்புகள் முறிந்தன, அவர் மீண்டும் ஆடவேயில்லை. சண்டை இருந்தால் அழுக்கு ஆட்டம் குறையும் என்று யாராவது சொல்லும்போது இதைத்தான் கேட்பேன்: மூருக்கு எந்தச் சண்டை உதவியது?

லண்டனிலிருந்து ஒரு மருத்துவ மாணவி: மூளைப் பாதிப்பு பற்றி?

இதை எழுதக் கை கூசுகிறது. டெரெக் புகார்ட் மினசோட்டாவிலும் நியூயார்க்கிலும் ஆடிய என்ஃபோர்சர். 277 ஆட்டங்களில் மூன்று கோல். இரண்டாவது கோலுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் 234 ஆட்டங்கள். வலிக்கு மாத்திரை, மாத்திரைக்கு மேல் மாத்திரை. 2011 மே 13 அன்று மதுவும் ஆக்சிகோடோனும் சேர்ந்து உயிரைப் பறித்தன. வயது 28. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் மூளையை ஆய்ந்தபோது சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு முற்றியிருந்தது. அந்தக் கோடையிலேயே ரிக் ரிப்பியன், வேட் பெலாக் என்ற இரு என்ஃபோர்சர்களும் இறந்தார்கள். 2010-இல் 45 வயதில் இறந்த என்ஃபோர்சர் பாப் ப்ரோபர்ட்டின் மூளையிலும் சி.டி.ஈ. இருந்தது.

இந்த நோயை உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய வழியில்லை. லீக் தலைவர் கேரி பெட்மன், நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றே சொல்லிவருகிறார். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இறந்த என்ஃபோர்சர்கள் மற்ற வீரர்களைவிடச் சுமார் 10 ஆண்டு முன்னதாக இறந்திருக்கிறார்கள் என்று காட்டுகிறது. எனக்கு அது போதும்.

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தாய்: என் ஒன்பது வயது மகன் ஹாக்கி ஆட ஆசைப்படுகிறான். பயமாக இருக்கிறது.

சேர்த்துவிடுங்கள், அம்மா. அவன் வயதில் உடலால் மோதுவதற்கே அனுமதி இல்லை. 2013 முதல் கனடா முழுவதும் 11, 12 வயதுப் பிரிவுக்கும் அந்தத் தடை உண்டு. சிறுவர் லீகில் சண்டை போட்டால் வெளியேற்றமும் ஆட்டத் தடையும் கிடைக்கும். தலையில் அடிபட்டால் மட்டும், இன்னொரு ஆட்டம் ஆடட்டுமே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருத்துவர் சொல்லும்வரை வீட்டில் வைத்திருங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: இந்தத் தொழில் அழிந்துவிட்டதா?

பெரும்பாலும் அழிந்துவிட்டது. 2005-இல் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு வந்தது, ஆட்டமும் வேகமெடுத்தது. ஓட முடியாத ஒருவருக்கு இடம் ஒதுக்க எந்த அணிக்கும் கட்டுப்படியாகவில்லை. கியூபெக் இளையோர் லீக் 2023-இல் சண்டைக்கு வெளியேற்றம் என்றே விதி செய்துவிட்டது. ஆனாலும் 2024 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேட் ரெம்பி தன் முதல் ஆட்டத்தில் களமிறங்கியதுமே சண்டையில் இறங்கினார். அரங்கம் எழுந்து நின்றது. அவருக்கு அப்போது வயது 21. அவர் ஸ்கேட்டிங்கில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும், கோல் போட வேண்டும் என்று விரும்புகிறேன்.