கிரவுன் நிலம்தானே, ஸ்னோமொபைலுக்கு எதற்குப் பெர்மிட்?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைல் ஒன்றைப் பழையதாகத் தனியாரிடம் வாங்கியிருக்கிறார், ஒன்டாரியோவின் ஹாலிபர்டன் பக்கம் நண்பரின் காட்டேஜில் வைத்து ஓட்டப்போகிறார், 14 வயது மகனும் ஓட்ட ஆசைப்படுகிறான். "அங்கே பெரும்பாலும் கிரவுன் நிலம், அதாவது அரசு நிலம், பெர்மிட் எல்லாம் வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார், சரியா?"

நண்பர் சொல்வதில் பாதி சரி. ஒன்டாரியோவில் கிரவுன் நிலத்தில், குறிக்கப்பட்ட டிரெயில் (ஸ்னோமொபைல் ஓட்டும் பனிப்பாதை) எதுவும் இல்லாத இடத்தில், பொழுதுபோக்காக ஓட்டுவதற்கு டிரெயில் பெர்மிட் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் அதே கிரவுன் நிலத்தின் நடுவே ஓஎஃப்எஸ்சி, அதாவது ஸ்னோமொபைல் கிளப்புகளின் மாகாணக் கூட்டமைப்பு, பராமரிக்கிற டிரெயில் ஒன்று போனால், அதில் ஏறிய நிமிடத்திலிருந்து பெர்மிட் கட்டாயம். 2001 முதல் இது சட்டம். நிலம் யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள், வண்டியில் பெர்மிட் ஸ்டிக்கர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மீன்பிடி, பொறிவைப்பு, வேட்டை, சொந்த நிலத்துக்குப் போவது போன்றவற்றுக்குச் சில விலக்குகள் உண்டு, சும்மா சுற்றப் போகிறவருக்கு அவை பொருந்தாது. ஹாலிபர்டன் சுற்றுவட்டாரத்தில் டிரெயிலைத் தொடாமல் நாள் முழுக்க ஓட்டுவது நடைமுறையில் சிரமம், அதனால் பெர்மிட் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஏதோ அரசு வரி என்று நினைத்து ஏமாற்றுகிறவர்கள் நிறையப் பேர். பகலில் நூறு வண்டிகள் போன டிரெயில் மாலைக்குள் மேடும் பள்ளமுமாக ஆகிவிடும். இரவில் குரூமர் வண்டி, பின்னால் கனமான இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு, அந்த மேடுகளைச் சீவி, பனியை அமுக்கிச் சமன் செய்துகொண்டே மெதுவாகப் போகும்; பிறகு சில மணி நேரம் குளிரில் இறுகினால்தான் காலையில் தளம் தாங்கும். டீசல், பாலங்கள், அறிவிப்புப் பலகைகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பெர்மிட் பணம்தான் ஆதாரம், வேலை செய்கிறவர்களில் பலர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். டிரெயில்களில் கணிசமான பகுதி தனியார் நிலத்தில், உரிமையாளர் மனமுவந்து விட்டுக்கொடுத்த பாதை. ஒரு விவசாயி கோபித்துக்கொண்டு மூடினால் அந்த வழியே துண்டாகிவிடும். டிரெயிலை விட்டு வயலுக்குள் இறங்காதீர்கள், தயவுசெய்து.

விலை ஒவ்வொரு சீசனும் மாறும், ஆனால் அமைப்பு ஒன்றுதான்: நவம்பர் 1க்கு முன் மலிவு, டிசம்பர் 1 வரை கொஞ்சம் கூட, அதற்குப் பின் முழு விலை.  வண்டி 1999 அல்லது அதற்கு முந்தைய மாடல் என்றால் கிளாசிக் பெர்மிட் கேளுங்கள், அது மலிவு. பனி பெய்யவில்லை என்று பணம் திரும்பி வராது, எனவே ஒன்றிரண்டு வார இறுதிக்கு மட்டும் போகிறவர்கள் சீசன் பெர்மிட்டை விட்டுவிட்டு, டிரெயில் திறந்த பிறகு சில நாட்களுக்கான பெர்மிட் எடுப்பது புத்திசாலித்தனம். ஆன்லைனில் வாங்கும்போது கிளப்பைத் தேர்வு செய்யச் சொல்லும். வீட்டுக்கு அருகில் இருப்பதை அல்ல, நீங்கள் ஓட்டப்போகிற இடத்து கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். பெர்மிட் வண்டிக்குத்தான், ஓட்டுகிறவருக்கு இல்லை. இரண்டு வண்டி என்றால் இரண்டு பெர்மிட்.

ஆனால் உங்கள் முதல் வேலை அது இல்லை. வாங்கிய 6 நாளுக்குள் மாகாண அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ்ஒன்டாரியோவில் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், தனியாரிடம் வாங்கினாலும் 13 சதவீத வரி அங்கே கட்ட வேண்டியிருக்கும், பேரம் பேசும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு எண்ணும் வண்டியின் அடையாள எண்ணும் இல்லாமல் பெர்மிட் வாங்க முடியாது. அப்புறம் இன்சூரன்ஸ். பதிவும் இன்சூரன்ஸும் பெர்மிட் தேவையில்லாத கிரவுன் நிலத்திலும் வேண்டும், இதைத்தான் உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

மகன் விஷயம்: 12 வயது நிறைந்தவர்கள் டிரெயிலில் ஓட்டலாம், ஆனால் பயிற்சி வகுப்பு முடித்து ஸ்னோமொபைல் ஓட்டுநர் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பொதுச் சாலையில் ஓட்டவோ கடக்கவோ 16 வயது ஆகியிருக்க வேண்டும், எனவே டிரெயில் ஒரு சாலையைக் கடக்கிற இடத்தில் அவன் இறங்கிக்கொள்ளட்டும், வண்டியை நீங்கள் மறுபக்கம் கொண்டுபோங்கள். ஹெல்மெட் பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம். வேறு வேகம் எழுதியிருந்தால் ஒழிய டிரெயிலில் மணிக்கு 50 கிலோமீட்டர்தான்.

கிளம்பும் அன்று காலை ஓஎஃப்எஸ்சியின் டிரெயில் வரைபடத்தைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் கவனமாகப் போகலாம், சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. கையில் சீசன் பெர்மிட் இருந்தாலும் சிவப்பு டிரெயிலில் நுழைந்தால் அது அத்துமீறல்தான்.