குடைக்குள் இருந்த கணக்கு

அன்புள்ள ஐயா,
மூன்று கிரெடிட் கார்டுகளில் எனக்கு 28,000, 65,000, 1,40,000 என்று கடன் நிற்கிறது. பெரிய கடனுக்கு மாதம் 3.75 சதவீத வட்டி, மற்ற இரண்டுக்கும் 3.5. செலவு போக மாதம் 18,000 மிஞ்சும். சிறியதை முதலில் அடைப்பதா, வட்டி கூடியதையா? இப்போதைக்கு ஒரு கார்டில் பணம் எடுத்து இன்னொன்றுக்குக் குறைந்தபட்சத் தொகை கட்டி வருகிறேன். மனைவிக்குத் தெரியாது. நகையைத் தொட விருப்பமில்லை.
– ம.

அன்புள்ள ம.,

வட்டி கூடியதை முதலில் அடைத்தால்தான் பணம் மிச்சம். ஆனால் உங்கள் கணக்கில் வட்டி வித்தியாசம் கால் சதவீதம்தான். அந்த மிச்சம், 28,000 ரூபாய்க்கு வட்டிமேல் விழும் வரியோடு சேர்த்தாலும் மாதம் எண்பது ரூபாய் சொச்சம்தான். சின்னதையே முதலில் முடியுங்கள். ஒரு கார்டாவது ஒழியும்.

கார்டில் பணம் எடுத்துக் கார்டுக்குக் கட்டுவதை இன்றே நிறுத்துங்கள். அதற்குக் கட்டணம் தனி, வட்டியோ எடுத்த நாளிலிருந்தே ஓடும். படித்தவர் செய்கிற காரியமா இது? 3.75 சதவீதம் என்று எழுதினால் உறைக்காது. ஊர் பாஷையில் அது மூன்றே முக்கால் வட்டி. 1,40,000க்கு மாத வட்டி 5,250, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 945. குறைந்தபட்சம் என்று நீங்கள் கட்டும் 7,000த்தில் அசலுக்குப் போவது 805 ரூபாய். அந்தக் கார்டில் புதிதாக மளிகை வாங்கினால் அதற்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி.

சரி, இதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது 'மனைவிக்குத் தெரியாது' என்ற வரி.

அப்பா அருப்புக்கோட்டையில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். 1994 ஐப்பசியில் ஒரு காலை, பள்ளிக்குப் போக அவருடைய குடையை விரித்தேன். உள்ளேயிருந்து நாள்காட்டித் தாள்கள் தலைமேல் உதிர்ந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் 'சனி 250'. 20,000 ரூபாய் கடன், ஐந்து வட்டி. இரண்டு வருஷமாக வாராவாரம் கட்டியிருக்கிறார். 26,000 போயும் அசல் அப்படியே நின்றது.

அம்மா சத்தம் போடவில்லை. நனைந்த தாள்களை ஆட்டுக்கல் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பிக் காயவைத்தாள். அப்பா வந்ததும் ஒன்றுதான் கேட்டாள். "ராத்திரி தூக்கம் வரலைன்னீங்களே. வாயுன்னு நெனச்சு ரெண்டு வருஷமா ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்தேனே?" அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவளே ரெட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கூட்டுறவு வங்கியில் வைத்தாள். ஐந்து வட்டியில் பாதிகூட இல்லை அங்கே. ஒன்றரை வருஷத்தில் மீட்டும் விட்டார்கள். அந்த 26,000த்தில் பாதிக்கு மேல், சொல்லாமல் இருந்ததற்குக் கட்டிய பணம். சங்கிலி அத்தனை நாளும் பீரோவில்தான் இருந்தது.

நகையைத் தொட விருப்பமில்லை என்கிறீர்கள். அது யாருடைய நகை? வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்கள் மனைவியுடையது. நீங்களாகவே அவர் சார்பில் மறுத்துவிட்டு, அதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன். இன்று வங்கியில் நகைக்கடன் சுமார் ஒரு வட்டிக்குள் கிடைக்கும். ஆனால் நான் நகையைக் கேட்கச் சொல்லவில்லை, கணக்கைக் காட்டச் சொல்கிறேன். அவர் முடியாது என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விடுங்கள். 18,000த்தை வைத்து இருவருமாக உட்கார்ந்து வழி பாருங்கள். எதில் சிக்கனம் பிடிக்கலாம் என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அழுவார், திட்டுவார், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். இருக்கட்டும். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மூன்று ஸ்டேட்மென்டையும் எடுத்து அவர் முன்னால் வையுங்கள். ஒன்றைக்கூட ஒளிக்காதீர்கள் தம்பி.