குழாய் கிண்டவா பிள்ளை பொறியியல் படிக்கிறாள்?

அக்கா, உங்கள் மகள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் முதலாம் வருடத்தை முடித்துவிட்டாள், இனித் துறை தெரிய வேண்டும். நீங்கள் கணினிப் பொறியியல் என்கிறீர்கள். அவளோ குடிசார் பொறியியல் எடுத்து, நகர நீர் வழங்கலில் ஆராய்ச்சி செய்யப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். “இவ்வளவு படிச்சுப்போட்டு பைப் கிண்டிற இடத்திலயா நிக்கப் போறாள்?” என்று கேட்டீர்கள். கொஞ்சக் காலம் நிற்கத்தான் வேண்டும். நிற்காதவர் இந்தத் துறையில் நல்ல ஆராய்ச்சியாளர் ஆவது கடினம்.

திருகோணமலை நகருக்குக் குடிநீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. பழைய மன்னன் குளக்கோட்டனின் பெயரோடு நாம் பேசும் அதே குளம்தான். அங்கே சுத்திகரித்து, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் குழாயில் கொண்டுவருகிறார்கள். வழியில் எங்காவது குழாய் வெடித்துத் தண்ணீர் பீறிட்டால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உப்புவெளி, நிலாவெளி மாதிரி மணல் தரையில் சத்தமில்லாமல் கீழே இறங்கிப்போகும் கசிவுதான் தொல்லை. கொழும்பு நகரில் ஒரு காலத்தில் விநியோகித்த தண்ணீரில் கிட்டத்தட்ட பாதிக்குப் பணம் வரவில்லை. கசிவும் களவு இணைப்பும் பழுதான மீற்றரும் சேர்ந்த கணக்கு அது.

இதை எப்படிப் பிடிப்பது? பழைய வழி, நகரைச் சிறு வலயங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் வாசலிலும் மீற்றர் வைப்பது. இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஊர் தூங்கும்போதும் மீற்றர் வேகமாக ஓடினால் உள்ளே கசிவு இருக்கிறது. சரி, எந்த இடத்தில்? 100 மீற்றர் இடைவெளியில் இரண்டு வால்வுகளில் ஒலி உணரிகளைப் பொருத்துவார்கள். இரும்புக் குழாயில் கசிவுச் சத்தம் விநாடிக்குச் சுமார் 1200 மீற்றர் வேகத்தில் ஓடும். ஒரு உணரிக்கு மற்றதைவிட 0.05 விநாடி முந்திக் கேட்டால், தூர வித்தியாசம் 60 மீற்றர். 100இல் 60 போக மீதி 40, அதில் பாதி 20. அப்படியென்றால் முந்திக் கேட்ட உணரியிலிருந்து 20 மீற்றரில் தோண்டலாம். உயர்தரப் பௌதிகவியல்தான் இது, உங்கள் மகள் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

பிரச்சினை, நம் தெருக்களில் பிவிசி குழாய் அதிகம். பிளாஸ்ரிக்கில் ஒலியின் வேகம் மூன்றிலொரு பங்காகக் குறையும், கொஞ்சத் தூரத்திலேயே சத்தமும் அமுங்கிவிடும். அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. ஹொங்கொங்கின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குழாய்க்குள் சிறிய அழுத்த அலையை அனுப்பி, அது திரும்பி வரும் விதத்தை வைத்துக் கசிவையும் அடைப்பையும் கண்டுபிடிக்கும் ஆய்வு நடக்கிறது. அடிலெய்ட் பல்கலைக்கழகத்திலும் இந்த அலைகள் பற்றி நீண்டகாலமாக வேலை செய்கிறார்கள். அடிலெய்ட் நகர மையத்தில் 2017 முதல் உணரிகள் குழாய்களைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

“அப்படியென்றால் கணினி படித்துவிட்டே இதற்குள் வரலாமே?” என்பீர்கள். வரலாம், வருகிறார்கள். ஆனாலும் நான் பிள்ளையின் பக்கம். வால்வைப் படாரென்று பூட்டினால் குழாய் ஏன் அதிர்கிறது என்று தெரிந்தவருக்கு பைதன் என்ற நிரலாக்க மொழி பழகச் சில மாதம் போதும். பைதன் தெரிந்தவர் நீரியலைப் பிடிக்க அதைவிட அதிக காலம் எடுக்கும். அவள் குடிசார் துறையை எடுக்கட்டும், ஆனால் புள்ளியியலையும் நிரலாக்கத்தையும் விடக்கூடாது. குழாய் வலையமைப்பில் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணித்துக் காட்டும் எப்பாநெட் என்ற மென்பொருளை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இலவசமாகவே தருகிறது. இந்த விடுமுறையிலேயே உங்கள் ஒழுங்கையின் குழாய்களை அதில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். கைத்தொழில் பயிற்சிக்கும் ஏசி அறை தேடாமல், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கசிவு தேடும் குழுவோடு இராவில் போகக் கிடைத்தால் விடவேண்டாம். இராப் பயணம் என்றதும் உங்களுக்குப் பதறும், தெரியும். வாகனமும் குழுவும் கூட இருக்கும், அதை முன்கூட்டியே பேசி ஒழுங்குபடுத்தலாம்.

பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பீடத்தில் கேட்கச் சொல்லுங்கள். பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 முதல் இலங்கை இருப்பதால், அந்த அங்கீகாரம் வெளிநாட்டிலும் கைகொடுக்கும்.

காசு விஷயம். கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கு நல்ல இடங்களில் கட்டணமும் கிடையாது, மாதப்படியும் தருவார்கள். அதற்குக் காணி ஈடு வைக்கச் சொல்லும் முகவர் வீட்டு வாசலுக்கு வந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். முதுமாணி அப்படியல்ல, பல இடங்களில் கைக்காசுதான். வகுப்பில் நல்ல புள்ளியும் ஒரு உருப்படியான இறுதியாண்டு ஆய்வும் இருந்தால் நேரே கலாநிதிக்கு எடுக்கும் இடங்களும் உண்டு.

கடைசியாக, ஊருக்குத் திரும்புவாளா என்ற கேள்வி. முழுநேர ஆராய்ச்சி வேலை திருகோணமலையில் இப்போது இல்லை. அரசாங்க நீர்ச் சபைதான் பெரிய முதலாளி. அங்கே ஆட்சேர்ப்பு எப்போது திறக்கும் என்று யாரும் வாக்குத் தர முடியாது, சிலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஒப்பந்தக் கம்பனிகளும் வெளிநாட்டு உதவித் திட்டங்களும் பொறியியலாளர்களை எடுப்பதுண்டு. விரிவுரையாளர் பதவி கிடைத்தால் கிளிநொச்சி, ஒலுவில், பேராதனை என்று ஒரு பஸ் தூரத்தில் இருப்பாள்.