முதல் ரயிலைப் பிடித்த பந்துவீச்சாளர்: ஜூலன் கோஸ்வாமி கேள்வி பதில்

இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீசிய ஜூலன் கோஸ்வாமியைப் பற்றி எது வேணும்னாலும் கேளுங்க என்று சொன்னாலும் சொன்னேன், நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை கேள்விகளாக வந்து குவிந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விசில் ஊதி ஓய்வு பெற்றவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், மிதாலி ராஜ் நம்ம தமிழ்க் குடும்பத்துப் பெண். அவங்களை விட்டுட்டு ஏன் ஒரு வங்காளப் பெண்? (கோட்டாறு)

மிதாலி ஒருநாள் ஆட்டத்தில் அடித்த 7805 ரன்னை யார் மறுத்தா? ஆனா நானும் ஒரு காலத்தில் ஓடி வந்து பந்து போட்டவ. என் மனசு பந்து போடுகிறவங்க பக்கம்தான் சாயும். அதுவுமில்லாம, ஜூலன் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடினது 2002 ஜனவரியில், நம்ம சென்னையில். அந்த உரிமை போதாதா?

மகளுக்கு 13 வயசு. குழித்துறையிலிருந்து பாசஞ்சர் ரயில் பிடிச்சு திருவனந்தபுரத்துக்குப் பயிற்சிக்குப் போறா. வீட்டில பெரியவங்க திட்டுறாங்க. இது தேவையா? (மார்த்தாண்டம்)

தங்கச்சி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். ஜூலன் பிறந்தது நதியா மாவட்டத்துச் சக்தஹாவில். பயிற்சி கொல்கத்தாவில், விவேகானந்தா பார்க்கில். (நம்ம பாறைக்காரர்தான், அங்கேயும் விடலை!) இருட்டோட எழும்பி லோக்கல் ரயில் பிடிக்கணும். அது போச்சுன்னா அன்றைய பயிற்சியும் போச்சு. திரும்பி வந்து பள்ளிக்கூடம். வீட்டில் அவங்களுக்கும் திட்டு கிடைச்சுது. பின்னாளில் வந்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'சக்தஹா எக்ஸ்பிரஸ்'.

ஒன்று மட்டும் கவனிங்க. 13 வயசு முதுகு இன்னும் வளருகிற முதுகு. ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் போடுகிறாள்னு நோட்டில் எழுதி வையுங்க. வலிக்குதுன்னு சொன்னா அன்றைக்கு ரயிலை விட்டிரலாம்.

அவங்களுக்கு கிரிக்கெட் ஆசை எப்படி வந்தது? (தக்கலை)

1997 பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆட, எல்லைக் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போடும் பிள்ளையாக நின்றவர் ஜூலன். ஜெயித்த ஆஸ்திரேலியாவின் கேப்டன் பெலிண்டா கிளார்க் கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி வந்ததைப் பார்த்த கண்ணு அது.

ரொம்ப வேகமோ? (குளச்சல், ஒன்பதாம் வகுப்பு)

வேகந்தான் மக்களே, ஆனா அது மட்டும் இல்லை. நல்ல உயரம், கை உச்சியிலிருந்து வரும் பந்து. வலதுகைக்காரிக்கு வெளியே போகிற மாதிரி காட்டி உள்ளே திரும்பும். 2017 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாரு, லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நம்ம அணியும் இங்கிலாந்தும். இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 146, தெம்பா ஆடுது. ஜூலன் பந்தில் சாரா டெய்லர் நம்ம கீப்பரிடம் கேட்ச் கொடுத்து அவுட். அடுத்த பந்தே ஃபிரான் வில்சன் எல்பிடபிள்யூ. கொஞ்ச நேரத்தில் அரைச் சதம் அடித்து நின்ற நாட் சிவரும் எல்பிடபிள்யூ. ஜூலன் கணக்கு: 10 ஓவர், கொடுத்தது 23 ரன், எடுத்தது 3 விக்கெட்.

அப்படியும் தோற்றோம், 9 ரன்னில். 3 விக்கெட்டுக்கு 191 என்று நின்ற நம்ம அணி 219-ல் சுருண்டது. அன்றைக்கு ராத்திரி நான் சோறு உண்ணல்ல.

மொத்தக் கணக்கு? (ஆரல்வாய்மொழி)

ஒருநாள் ஆட்டத்தில் 204 ஆட்டம், 255 விக்கெட். பெண்களில் 250-ஐ முதலில் தொட்டவர். டெஸ்ட் 12 மட்டும், 44 விக்கெட். இருபது வருஷத்தில் 12 டெஸ்ட்! இதுக்கு மேல நான் பேசினா ரத்த அழுத்தம் ஏறும்.

உலகக் கோப்பை வாங்காமலே போயிட்டாங்களே? (சுசீந்திரம்)

ஆடும்போது இல்லை. 2005, 2017 இரண்டு இறுதியிலும் தோல்வி. 2025 நவம்பரில் நவி மும்பையில் நம்ம பிள்ளைகள் ஜெயித்ததும் கோப்பையைக் கொண்டுபோய் அவங்க கையில் கொடுத்தாங்க. கட்டிப்பிடிச்சு அழுதாங்க.

பேட்டிங் தெரியுமா? (இரணியல், பையன்)

ஒருநாள் ஆட்டத்தில் 1228 ரன் இருக்குடே, சும்மா நினைக்காதே. ஆனா 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் கடைசி ஆட்டம். இங்கிலாந்துக்காரிகள் இரு வரிசையாக நின்று கைதட்டி உள்ளே அழைத்தாங்க. முதல் பந்திலேயே போல்டு. பிறகு பந்தை வாங்கி 2 விக்கெட் எடுத்துட்டுத்தான் வெளியே வந்தாங்க.