ஒவ்வொரு கோட்டிங்குக்கும் உப்புத்தாள் தேவையா? பெயிண்ட் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்கு மேல் முதல் கோட்டிங் அடித்தாயிற்று. அடுத்த கோட்டிங்குக்கு முன் சுவர் முழுக்கத் தேய்க்க வேண்டும் என்கிறார் அப்பா. பெயிண்டர் தேவையே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஆளுக்குப் பாதி சரி. சுவரைச் சமன் செய்யும் வேலை பட்டியோடும் (மேடுபள்ளத்தை நிரப்பப் பூசும் மாவு) பிரைமரோடும் முடிந்திருக்க வேண்டும். பெயிண்ட் மெல்லிய தோல் மாதிரி. பள்ளத்தை நிரப்பாது, மேட்டை மறைக்காது. முதல் கோட்டிங் காய்ந்ததும் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். ரோலர் உதிர்த்த இழை, பிரஷ் முடி, ஒட்டிய தூசி, வழிந்து உறைந்த சொட்டு எல்லாம் கைக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தில் மட்டும் லேசாக ஓட்டினால் போதும். வழவழவென்று இருக்கிற சுவரைத் தேய்ப்பது வீண் தூசி.

கேள்வி: எத்தனையாம் நம்பர் தாள்?

பதில்: நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். பட்டிக்கு 120-இல் தொடங்கி 180-இல் முடிக்கலாம். பிரைமருக்கும் கோட்டிங்குகளுக்கு நடுவிலும் 220. அதைவிடக் கரடான தாளை எமல்ஷன்மேல், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்டின்மேல், வைத்தால் கீறல் விழும், அடுத்த கோட்டிங்கிலும் தெரியும். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். வெறும் விரலால் அழுத்தினால் வரிவரியாகக் குழி விழும்.

கேள்வி: தேய்த்தால் பெயிண்ட் உருண்டு உருண்டு வருகிறது. தாளும் அடைத்துக்கொள்கிறது. மட்டமான பெயிண்டா?

பதில்: பெயிண்டைத் திட்டாதீர்கள், இன்னும் காயவில்லை. எமல்ஷன் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் அடியில் மெத்தென்றுதான் இருக்கும். மேலே இன்னொரு கோட்டிங் அடிக்கச் சில மணி நேரம் போதும். தேய்ப்பதற்கு ஓர் இரவாவது விடுங்கள். மழைக்காலமானால் இன்னும் கூடுதலாக. மெஷின் வைத்துத் தேய்த்தால் சூட்டில் இன்னும் இளகும், அதைப் பட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கதவுக்கும் ஜன்னலுக்கும் எனாமல் (எண்ணெய்ப் பெயிண்ட்) அடிக்கிறேன். அங்கும் இதே கதைதானா?

பதில்: இல்லை. அங்கே முதல் கேள்வியில் வந்த அப்பாவின் கட்சிதான் ஜெயிக்கும். எனாமல் பளபளப்பாக இறுகிவிடும், அதன்மேல் அடுத்தது பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்டு, 320 தாளால் பளபளப்பு மங்கும் வரை முழுக்க ஓட்டுங்கள். பழைய பளபளப்புச் சுவர்மேல் புதுப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கும் இதேதான். தேய்க்காமல் அடித்தால் பின்னால் தோல் தோலாக உரியும்.

கேள்வி: தேய்த்த இடம் மட்டும் கடைசிக் கோட்டிங்குக்குப் பிறகும் திட்டுத் திட்டாக மங்கித் தெரிகிறது.

பதில்: தேய்க்கும்போது பட்டி வெளியே வந்திருக்கும். பட்டி பெயிண்டை உறிஞ்சிவிடும். வெளுத்துத் தெரியும் இடங்களில் முதலில் பிரைமர் தொட்டுவிட்டுத்தான் அடுத்த கோட்டிங். நானும் ஒரு தடவை ராத்திரி விளக்கில் தேய்த்து, நன்றாக வந்துவிட்டது என்று படுத்துவிட்டேன். காலையில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் சுவர் முழுக்க அலை அலையாக! அன்றிலிருந்து டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்காமல் பிரஷைத் தொடுவதில்லை.

கேள்வி: ரொம்பப் பழைய வீடு. ஏழெட்டு அடுக்கு பெயிண்ட் இருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை வேறு.

பதில்: உப்புத்தாளைக் கீழே வையுங்கள். பழைய பெயிண்டில், முக்கியமாக எனாமலில், ஈயம் இருந்திருக்கலாம். அமெரிக்காவே வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-இல்தான் தடைசெய்தது. பல நாடுகள் அதற்கும் வெகு பின்னால். தேய்த்தால் அது தூசியாகித் தரையில் படியும், குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். முதலில் சோதித்துப் பாருங்கள். ஈயம் இருந்தால் குழந்தையையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் தங்கவைத்துவிட்டு, அனுபவமுள்ள ஆளிடம் விடுங்கள்.

கேள்வி: கடைசிக் கோட்டிங்குக்குப் பிறகும் தேய்க்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: தேய்த்த தூசியைத் துடைப்பத்தால் தட்டினால் போதுமா?

பதில்: தட்டினால் பறந்து மறுபடி அதே சுவரில் உட்காரும். ஈரத்துணியைப் பிழிந்து மேலிருந்து கீழாகத் துடையுங்கள், ஈரம் போனதும் அடியுங்கள். தேய்க்கும்போது மூக்குக்குக் கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள்.